மூட்டைப்பூச்சிக்கு பாஸ்போர்ட் வேண்டாம்

"மலேசியா போய்ட்டு வந்தீங்களே, ஒண்ணும் எழுதலையா?"ன்னு நாலஞ்சு பேர் கேட்டுட்டாங்க. கண்காட்சியில பார்த்த தென்னை ரகங்களைப் பத்தி தனியா ஒரு பதிவு போடறேன். இன்னைக்கு சொல்லப்போறது நாங்க தங்கின லாட்ஜைப் பத்தி. சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க தட்டை வச்சுட்டு வந்து படிங்க.

போன காரணத்தை முதல்ல சொல்லிடறேன். கோலாலம்பூருக்குப் பக்கத்துல செர்டாங்னு ஒரு ஊர். அங்கே மஹான்னு ஒரு பெரிய விவசாயக் கண்காட்சி நடத்துவாங்க. 2024 செப்டம்பர்ல நடந்தது. நம்ம ஆனைமலைப் பக்கம் கேரளா வாடல் நோய் வந்து தோப்புத் தோப்பா மரத்தை வெட்டிக்கிட்டிருக்கிற கதை உங்களுக்குத் தெரியும். அந்த நோயைத் தாங்கும்னு காசர்கோடு ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க கொடுத்த 'கல்பரக்‌ஷா' ரகம், மலேயன் பச்சைக் குட்டையில இருந்து தேர்ந்தெடுத்ததுதான். அந்த மரத்தோட சொந்த ஊர்ல அதை எப்படி வளர்க்கிறாங்கன்னு பார்த்துட்டு வந்துடலாம்னு ரொம்ப நாளா ஆசை. இந்தியாக்காரங்களுக்கு 2023 டிசம்பர்ல இருந்து 30 நாளைக்கு விசா வேண்டாம்னு மலேசியா சொல்லிட்டாங்க. அதுவும் சேர்ந்துக்கிச்சு.

மூணு பேர் கிளம்பினோம். நானு, எங்கம்மா கூடப்பொறந்த மாமா, பங்காளி வீட்டுப் பையன் ஒருத்தன். மாமாவுக்கு 66 வயசு. இருபது வருசமா சர்க்கரை. பையன் கம்ப்யூட்டர் படிச்சுட்டு மறுபடியும் தோப்புக்கே வந்தவன். டிக்கெட், ரூம் எல்லாம் அவன்தான் போன்லயே போட்டான். போட்டோவுல ரூம் நல்லா வெள்ளை வெளேர்னு, மல்லிகைப்பூ விரிச்ச மாதிரி இருந்தது. மூணு கட்டில், ஏசி, ஒரு ராத்திரிக்கு 80 ரிங்கிட். ஒரு ரிங்கிட் அப்போ கிட்டத்தட்ட நம்ம 20 ரூபாய். மூணு பேருக்கு 1600 ரூபாய்னா பொள்ளாச்சியிலயே அதுக்கு லாட்ஜ் கிடைக்காதேன்னு மாமா சந்தோசப்பட்டார்.

திருச்சியில ஏறி கோலாலம்பூர்ல இறங்கி, பஸ் மாறி, புடுங்கிற ஏரியாவுக்குப் போய்ச் சேர ராத்திரி எட்டரை ஆயிடுச்சு. பழைய டவுனு. கீழே வரிசையா கடை, மேலே மூணு மாடி. அந்த மாடியிலதான் லாட்ஜ். கீழே ஒரு டயர் கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவுல ஒரு ஆள் அகலத்துக்குப் படிக்கட்டு. லிஃப்ட் கிடையாது. படியேறும்போதே ஒரு வாடை. எனக்கு மாட்டுச்சாணி, கோழிக்கழிவு, அழுகின தென்னமட்டை, ஊறல் போட்ட நார்த் தண்ணி எல்லா வாடையும் பழக்கம். இது அந்த ரகம் இல்லீங்க. ஈரத்துணியை மூட்டை கட்டி மூடி வச்சு, அதுமேல சென்ட்டை அடிச்ச மாதிரி ஒரு வாடை. கவுண்டருக்குப் பின்னால டுரியான் பழம் போட்டு குறுக்கே சிவப்புக் கோடு போட்ட படம் ஒண்ணு ஒட்டியிருந்தது. உள்ளே டுரியான் கொண்டு வரக்கூடாதாம், வாடை வருமாம். "இதுக்கு அந்தப் பழமே தேவலைன்னு நினைக்கிறேன் மாப்ள"ன்னாரு மாமா.

கவுண்டர்ல இருந்தவர் 50 ரிங்கிட் டெபாசிட் கேட்டார். அது போக வெளிநாட்டுக்காரங்களுக்கு ஒரு ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி. அது 2017லயிருந்து அரசாங்கம் போட்ட வரி, அதுல வருத்தமில்லை. பணத்தைக் கட்டி சாவி வாங்கினோம்.

ரூம் கதவைத் திறந்ததும் பையன் போனை எடுத்து போட்டோவைப் பார்த்தான், ரூமைப் பார்த்தான், மறுபடியும் போட்டோவைப் பார்த்தான். பொண்ணு பார்க்கப் போன இடத்துல தங்கச்சியைக் காட்டிட்டு கல்யாணத்துல அக்காவை நிறுத்தின கதைதான்.

மூணு கட்டில் இருந்தது, பொய் இல்லை. நடக்கத்தான் இடம் இல்லை. ஒரு கட்டில்மேல ஏறித்தான் அடுத்த கட்டிலுக்குப் போகணும். ஒரு பக்கம் நல்ல நீளமா திரை தொங்குச்சு. காத்து வரட்டும்னு மாமா போய் திரையை விலக்கினார். பின்னால வெறும் சுவர். ஜன்னலே இல்லாத ரூமுக்கு திரை! வீட்டுக்குக் கதவு வைக்காம நிலவு மட்டும் வச்ச மாதிரி. மேலே பார்த்தா ஒரு அம்புக்குறி. தொழுகைக்கு மெக்கா இருக்கிற திசையைக் காட்டறது அது, அந்த ஊர்ல எல்லா லாட்ஜ்லயும் ஒட்டியிருப்பாங்க. அந்த ரூம்லயே ஒழுங்கா, நேரா, சுத்தமா இருந்தது அது ஒண்ணுதான்.

பாத்ரூம் பத்தி ரெண்டே வரி. தண்ணி போற ஓட்டையில முடி அடைச்சு, குளிச்சா கணுக்கால் வரைக்கும் தண்ணி நிக்கும். அந்தத் தண்ணி ஃபிளஷ் பண்ற டாய்லெட்டைச் சுத்திட்டுத்தான் நம்ம காலுக்கு வரும். போதுங்களா.

ரூமை மாத்திக் கொடுங்கன்னு பையன் போய் இங்கிலீஷ்ல கேட்டான். வேற ரூம் இல்லை, நாளைக்குப் பார்க்கலாம்னு பதில். மாமா எப்பவும் வெளியூர் போனா சென்னிமலை பெட்ஷீட் ஒண்ணு மடிச்சு வச்சிருப்பார். அதை விரிச்சுப் படுத்தார். நாங்க ரெண்டு பேரும் லாட்ஜ் விரிப்பு மேலேயே விழுந்தோம். களைப்பு.

ராத்திரி ரெண்டு மணி இருக்கும். கழுத்துல சுருக்குன்னுது. கொசுவா இருக்கும்னு தட்டினேன். அப்புறம் முதுகு. அப்புறம் தொடை. லைட்டைப் போட்டா பையன் ஏற்கனவே எழுந்து உக்காந்து சொறிஞ்சுக்கிட்டிருக்கான். மாமா காலைத் தடவிக்கிட்டே, "இது நம்ம பழைய கூட்டாளி மாப்ள"ன்னார். போன்ல டார்ச் அடிச்சு மெத்தையோட தையல் ஓரத்தை விலக்கிக் காட்டினார். எள்ளைக் கொட்டின மாதிரி கறுப்புப் புள்ளி. நடுவுல பரங்கி விதையைச் சின்னதாக்கின மாதிரி, ரத்தம் குடிச்சு உப்பிப்போன ஒண்ணு நிதானமா நடந்து போகுது. ஒண்ணை நசுக்கினார். அந்த வாடை வந்துச்சு பாருங்க, எனக்கு சட்டுனு பத்து வயசு ஆயிடுச்சு.

பையனுக்கு அது என்னன்னே தெரியலை. அவன் தலைமுறை பார்த்ததில்லை. நாங்க பார்த்திருக்கோம். கயித்துக் கட்டிலைத் தூக்கிட்டுப் போய் வாசல்ல போட்டு, சட்டம் சேர்ற மூலையில கொதிக்கிற தண்ணி ஊத்தி, சித்திரை வெயில்ல நாள் பூரா கவுத்துப் போடுவாங்க எங்க அம்மாயி. சாயங்காலம் தடியில ரெண்டு தட்டு தட்டினா மிச்சம் மீதி உதிரும், கோழி வந்து பொறுக்கிக்கும். டவுன்ல சினிமா பார்த்துட்டு வந்தா தியேட்டர் பெஞ்சுல இருந்து ரெண்டு கூடவே வந்துடும்னு, வேட்டியை வாசல்லயே உதறிட்டுத்தான் உள்ளே விடுவாங்க. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைன்னு பழமொழி சும்மா வரலைங்க.

அதுக்கு நடுவுல டிடிடி மருந்து வந்தது. 1953ல அரசாங்கம் மலேரியாத் திட்டம் ஆரம்பிச்சு வீட்டுச் சுவருக்கெல்லாம் டிடிடி அடிச்சாங்க. கொசுவோட மூட்டைப்பூச்சியும் செத்துச்சு. செத்துச்சுன்னு எல்லாரும் நினைச்சாங்க. ஆனா 1947லயே, ஹவாய்த் தீவுல பேர்ல் ஹார்பர் ராணுவக் குடியிருப்புல, டிடிடிக்குச் சாகாத மூட்டைப்பூச்சி வந்துடுச்சுன்னு பதிவு இருக்கு. பருத்தி போட்ட நம்மாளுங்களுக்கு இது புதுசு இல்லை. ஒரே மருந்தைத் திருப்பித் திருப்பி அடிச்சா பலவீனமானது செத்துப்போகும், தாங்கினது குட்டி போடும், கடைசியில தோட்டம் பூராவும் தாங்கினதோட வாரிசுதான் இருக்கும். இன்னைக்கு வீட்டு ஸ்ப்ரேயில வர்ற பைரித்ராய்டு மருந்துக்கும் அதே நிலைமைதான். கறுப்பு ஹிட்டோ சிவப்பு ஹிட்டோ, அது குளிச்ச மாதிரி துடைச்சுக்கிட்டுப் போயிடும்.

மிச்ச ராத்திரி மூணு பேரும் தூங்கலை. பிளாஸ்டிக் சேர் ஒண்ணு இருந்தது, அதுல மாமாவை உக்கார வச்சோம். காலையில பார்த்தா கடி வரிசை வரிசையா, சால் பிடிச்சு வெதைச்ச மாதிரி. ஒரே கோட்டுல மூணு, நாலு. மாமாவுக்கு இடது கால் கெண்டைச்சதையில அதிகம்.

அன்னைக்குக் கண்காட்சி. புடுவுல ரயில் ஏறி, பண்டார் தாசிக் செலத்தான்ல மாறி, செர்டாங் போய், அங்கே இருந்து வண்டி பிடிச்சோம். பச்சைக் குட்டையும் பார்த்தோம், மாதாக்னு அவங்க சொல்ற ஒட்டு ரகமும் பார்த்தோம். மாமா ஒரு விதைக்காயைக் கையில எடுத்து எடைபோட்டுப் பார்த்துட்டு மெதுவா சொன்னார். "ஒரு காய் மாப்ள. பைக்குள்ள போட்டுக்கிட்டா யாருக்குத் தெரியும்?"

"வேண்டாங் மாமா"ன்னேன். சட்டப்படி கூடாதுங்கிறது ஒண்ணு. 2003ல போட்ட செடித் தடுப்பு ஆணைப்படி அனுமதியும் சான்றும் இல்லாம ஒரு விதை கொண்டு வர முடியாது. இன்னொண்ணு அதைவிடப் பெருசு. 1998ல எர்ணாகுளத்துப் பக்கம் தென்னையில ஈரியோபைட் சிலந்தி வந்தது. அது நம்ம காயை எப்படிச் சொறி பிடிக்க வச்சதுன்னு மாமா பார்த்தவர். 2016ல ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. மத்திய அமெரிக்காப் பக்கத்துப் பூச்சி, இந்தியாவிலேயே முதல்ல தலைகாட்டினது நம்ம பொள்ளாச்சிப் பக்கம். ஓலை பூரா கறுப்பு பூசணம் படிஞ்சு தோப்பே கரி பூசின மாதிரி நின்னுச்சே. அது றெக்கை அடிச்சு கடலைத் தாண்டி வரலை. யாரோ ஒருத்தர் சரக்கோட, செடியோட வந்திருக்கும். மாமா ஒண்ணும் பேசாம காயை வச்சுட்டார்.

சாயங்காலம் திரும்பும்போது மாமா கால் விந்தினார். பேன்ட்டைத் தூக்கிப் பார்த்தா, நாள் பூரா சொறிஞ்சு சொறிஞ்சு ரெண்டு இடத்துல தோல் கிழிஞ்சிருக்கு. எனக்கு வயித்துல புளியைக் கரைச்சுது. மூட்டைப்பூச்சி கடிச்சு நோய் பரவுறதில்லைன்னு டாக்டர்கள் சொல்லுவாங்க, சரி. ஆனா சர்க்கரைக்காரருக்குக் கால்ல புண்ணுன்னா அது வேற கணக்கு. எங்க சொந்தத்துலயே முள் குத்தின கால்ல ரெண்டு விரல் எடுத்திருக்காங்க. வழியில இருந்த ஒரு கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனோம். தமிழ்ப் பொண்ணு ஒருத்தங்க டாக்டர். காலைப் பார்த்ததுமே, "எங்க ஹோட்டல்ல தங்கினீங்க அங்கிள்? மூட்டைப்பூச்சியா?"ன்னு கேட்டாங்க. கழுவி மருந்து போட்டு, மாத்திரை கொடுத்து, "நகத்தை இன்னைக்கே வெட்டிடுங்க. சொறியவே கூடாது. சிவந்து சூடா வீங்கிச்சுன்னா உடனே வரணும்"னு கண்டிப்பா சொல்லி அனுப்பினாங்க. மொத்தம் 95 ரிங்கிட். ஒரு ராத்திரி வாடகையைவிட அதிகம்.

லாட்ஜுக்கு வந்ததும் ரூம் மாத்தினாங்க. புது ரூம்லயும் டார்ச் அடிச்சுப் பார்த்தோம். அதே எள்ளு. அந்நேரம் ஒரு பையன் பக்கெட்டும் மாப்பும் எடுத்துட்டு வந்தான். இருபத்தி ரெண்டு, இருபத்தி மூணு வயசு இருக்கும். மெத்தையைப் பார்த்துட்டு, "இருக்கு அண்ணே. எல்லா ரூம்லயும் இருக்கு"ன்னான், தமிழ்ல! எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பங்களாதேஷ் பையன். முதல்ல ரெண்டு வருசம் ஒரு மாமாக் கடையில, அதான் அந்த ஊர்ல தமிழ் முஸ்லிம்கள் நடத்துற சாப்பாட்டுக்கடை, அங்கே ரொட்டி தட்டிக்கிட்டிருந்தானாம். அங்கே பழகின தமிழ்.

படிக்கட்டுல உக்காந்து பேசினோம். மூணு மாடியில 36 ரூமு. கூட்டித் துடைக்கிறது, விரிப்பு மாத்தறது எல்லாம் இவன் ஒருத்தன்தான். விரிப்பைத்தான் மாத்தலாம், மெத்தையை மாத்த முதலாளி விடமாட்டார். "வெயில்ல போட்டா போயிடும் அண்ணே. எங்க ஊர்லயும் அப்படித்தான். மாடியில வெயில் இருக்கு. சாவி முதலாளிகிட்ட"ன்னான். மெத்தையை மேலே தூக்கிட்டுப் போனா வர்றவங்க பார்த்துடுவாங்களாம், பேர் கெட்டுடுமாம். எங்கே தூங்கறேன்னு மாமா கேட்டார். படிக்கட்டுக்குக் கீழே துணி அடுக்குற அறையைக் காட்டினான். ஒரு அட்டைப்பெட்டியைப் பிரிச்சு விரிச்சிருந்தது. கையைத் திருப்பிக் காட்டினான். எங்க கடி ஒரு நாள் கடி. அவன் கையில பழைய தழும்பு மேல புதுத் தழும்பு.

மைமன்சிங் பக்கம் அவன் ஊரு. அப்பா நெல்லுக்காரர். மூணு பிகா நிலம், நம்ம கணக்குல ஒரு ஏக்கர். அதுல ஒரு பிகாவை அடமானம் வச்சு ஏஜென்டுக்குப் பணம் கட்டி வந்தவன். "இப்போ அமன் நடவு முடிஞ்சிருக்கும்"னான். நான் எங்க பழைய ஆயக்கட்டுல நெல்லு போடறதைச் சொன்னேன். எத்தனை நாள் பயிர், தண்ணி ஆத்துல இருந்தா, போர்ல இருந்தான்னு அவன் கேட்க, நான் ஆழியாறு அணைத் தண்ணின்னு சொல்ல, அரைமணி நேரம் நாங்க லாட்ஜை மறந்துட்டோம். எழுந்து போகும்போது ஒண்ணு சொன்னான். "அண்ணே, கீழே கம்ப்ளைன்ட் சொல்லாதீங்க. ரூம் சுத்தமில்லைன்னு யாராவது சொன்னா என் சம்பளத்துல பிடிப்பாங்க."

அன்னைக்கு ராத்திரி பூச்சியைவிட இதுதாங்க தூங்க விடலை. சொல்லாம வந்தா நாளைக்கு இன்னொரு சர்க்கரைக்காரர் வந்து இதே கட்டில்ல படுப்பார். சொன்னா இந்தப் பையன் வயித்துல அடிக்கிறோம். நாங்க மூணு பேரும் பிளாஸ்டிக் சேர், டைல்ஸ் தரைன்னு மாறி மாறி உக்காந்து இதையேதான் பேசினோம். பையன் கோவத்துல, "போலீஸ்ல சொல்லலாம் சித்தப்பா"ன்னான். அந்தப் பையனோட பேப்பர் எந்த நிலைமையில இருக்கோ, போலீஸ் வந்தா முதல்ல மாட்டறது அவன்தான். அந்த வருசம் மே 31ஆம் தேதியோட பங்களாதேஷ்ல இருந்து புதுசா ஆள் எடுக்கிறதையே மலேசியா நிறுத்திட்டாங்க. பணம் கட்டின ஆயிரக்கணக்கான பேர் டாக்கா ஏர்போர்ட்லயே நின்னுட்டாங்க. அப்படி ஒரு கதவு சாத்தின நேரத்துல உள்ளே இருக்கிறவன் வேலையை நாம கெடுக்க முடியாது. மாமாதான் கடைசியில, "சுத்தத்தைப் பத்திப் பேசவேண்டாம். மெத்தையைப் பத்திப் பேசலாம்"னார். அனுபவசாலி.

காலையில காலி பண்ணப் போனோம். மூணாவது ராத்திரிக்கும் பணம் கட்டியிருந்தோம். கவுண்டர்காரர் மேலே போய்ப் பார்த்துட்டு வந்து, டெபாசிட் தரமாட்டேன்னுட்டார். ஏன்? விரிப்புல ரத்தக்கறையாம். அதுக்கு அபராதமாம்.

எங்க ரத்தமுங்க அது! அவர் வளர்த்த பூச்சி, எங்க ரத்தத்தைக் குடிச்சு, அவர் விரிப்புல வச்ச கறைக்கு நாங்க காசு கட்டணுமாம். மேய்ஞ்ச மாட்டுக்காரனே வேலிக்குக் கூலி கேட்ட மாதிரி.

மாமா பதட்டப்படலை. முந்தின ராத்திரியே ஒரு தண்ணி பாட்டில்ல பதினாலு பூச்சியைப் பிடிச்சுப் போட்டு வச்சிருந்தார். அதை எடுத்துக் கவுண்டர் மேல, பெல்லுக்குப் பக்கத்துல வச்சார். கிளினிக் ரசீதை அதுக்குப் பக்கத்துல வச்சார். பேன்ட்டைத் தூக்கி காலைக் காட்டினார். அந்நேரம் பெட்டி தள்ளிட்டு ஒரு வெள்ளைக்காரத் தம்பதி மேலேறி வந்தாங்க. மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. பாட்டிலைத் தூக்கி அவங்க பக்கம் திருப்பிக் காட்டினார், அவ்வளவுதான். அந்தம்மா பார்த்தாங்க, வீட்டுக்காரரைப் பார்த்தாங்க, பெட்டியைத் திருப்பிட்டாங்க.

டெபாசிட் 50 வந்துச்சு. மூணாவது ராத்திரி வாடகை 80ம் அதுக்கான வரியும் வந்துச்சு. கிளினிக் காசு வரலை. கவுண்டர்காரர் உடனே அந்தப் பையனைக் கூப்பிட்டு மலாய்ல சத்தம் போட ஆரம்பிச்சார். நம்ம பையன் குறுக்கே போய் நின்னு சொன்னான்: "ரூமெல்லாம் நல்லாத்தான் துடைச்சிருக்கார். அவர் மேல தப்பில்லை. மெத்தை பழசு, அதை மாத்தவேண்டியது முதலாளி. நெட்ல எழுதும்போதும் இதைத்தான் எழுதுவேன். அவர் சம்பளத்துல பிடிச்சீங்கன்னா அதையும் சேர்த்து எழுதுவேன்." அந்த ஆள் வாயை மூடிட்டார். சம்பளத்துல பிடிச்சாரா இல்லையான்னு பார்க்கிறதுக்கு நாங்க அங்கே இல்லை. கீழே இறங்கும்போது மாமா அந்த 50 ரிங்கிட்டை பையன் கையில திணிச்சார். வேண்டாம்னான். "நிலத்தை மீட்டுடு தம்பி"ன்னு மட்டும் சொல்லிட்டு இறங்கிட்டார். எழுதினபடியே பையன் நெட்லயும் எழுதிட்டான்.

கடைசி ராத்திரி வேற லாட்ஜ். 130 ரிங்கிட். ஜன்னல் இருந்தது, நிஜமாவே.

இப்போ முக்கியமான விசயம். பூச்சி நம்ம பையில ஏறி ஊருக்கு வந்துடக்கூடாது. விதைக்காயை வேண்டாம்னு வச்சுட்டு வந்த நாங்க, மூட்டைப்பூச்சியைத் தோப்புக்குள்ள கொண்டு வந்தா ஊர் சிரிக்கும். அதுக்கு றெக்கை இல்லை, தத்தவும் தெரியாது. நடக்கும், இல்லைன்னா நம்ம சாமான்ல ஒட்டிக்கிட்டு வரும். சாப்பாடு இல்லாமலே மாசக்கணக்கா உயிரோட கிடக்கும். அதனால வீட்டுக்குள்ள பையையே விடலை. வாசல்லயே துணியை எல்லாம் எடுத்து அண்டாவுல போட்டுக் கொதிக்க வச்சோம். பை, செருப்பு, பெல்ட்டு இதையெல்லாம் கொதிக்க வைக்க முடியாதே? அப்போ வீட்டம்மா ஒரு யோசனை சொன்னாங்க. கொப்பரை காயவைக்கிற சோலார் டிரையர் இருக்கே! பாலித்தீன் கூடாரத்துக்குள்ள மத்தியானம் 55 டிகிரியைத் தாண்டும். 50க்கு மேல சூடு நின்னாலே முட்டையோட எல்லாம் போயிடும். மூணு நாள் பைகளைத் திறந்து கொப்பரை மாதிரி பரப்பிக் காயவச்சோம். இன்னைக்கு வரைக்கும் ஒண்ணு வரலை. பையில மட்டும் தேங்காயெண்ணெய் வாசம் போகலை.

வெளியூர் போறவங்க ஒரு அஞ்சு நிமிசம் செலவு பண்ணுங்க. ரூமுக்குள்ள போனதும் பையைக் கட்டில்மேல வைக்காதீங்க, பாத்ரூம் டைல்ஸ் மேல வைங்க. விரிப்பைத் தூக்கி மெத்தையோட தையல் ஓரம், கட்டில் தலைமாட்டுப் பலகைக்குப் பின்னால, பலகை இடுக்குல டார்ச் அடிச்சுப் பாருங்க. கறுப்புப் புள்ளி, உரிச்ச தோல், காஞ்ச ரத்தக்கறை, இதுல ஒண்ணு இருந்தாலும் அந்த ரூம் வேண்டாம். பக்கத்து ரூமும் வேண்டாம், சுவர் இடுக்கு வழியா அதுவும் அதே ரூம்தான். கூட சர்க்கரைக்காரங்க இருந்தா நகம் வெட்டி, ஒரு புண் மருந்தும் எடுத்துட்டுப் போங்க.

மாமா கால் மூணு வாரத்துல ஆறிடுச்சு. தழும்பு இருக்கு.

ஊருக்கு வந்து ஒரு வாரம் கழிச்சு, நார் மில்லு வச்சிருக்கிற நண்பர் ஒருத்தரைப் பார்க்க மாமாவும் நானும் போயிருந்தோம். நம்ம பக்கம் நார் மில்லுல எல்லாம் பீகார், ஒடிசா, வங்காளத்துப் பசங்கதானே. வெளிமாநிலத் தொழிலாளிக்குத் தங்க நல்ல இடம் கொடுக்கணும்னு 1979லயே சட்டம் வந்துடுச்சு. மாமா டீயைக் குடிச்சு முடிச்சுட்டு, "பசங்க தங்கற செட்டை ஒருக்கா பார்க்கலாங்களா?"ன்னு கேட்டார். நண்பருக்கு ஒண்ணும் புரியலை, கூட்டிட்டுப் போனார். மாமா ஒரு கட்டிலைக் கவுத்து சட்ட மூலையில டார்ச் அடிச்சார். பூச்சி இல்லை. ஆனா மெத்தைங்கிறது நார்த்தூள் அடைச்ச சாக்கு. "களத்துலதான் இத்தனை வெயில் சும்மா கிடக்குதே, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இதையெல்லாம் தூக்கிப் போடச் சொல்லுங். நல்ல மெத்தை நாலு வாங்கிப் போடுங். காசா பெருசு?"ன்னார். நண்பர் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு சரின்னார். போன வாரம் அந்த வழியா போகும்போது பார்த்தேன், களத்துல நாருக்குப் பக்கத்துல வரிசையா பத்துப் பன்னெண்டு மெத்தை காஞ்சுக்கிட்டிருந்தது.

அடுத்த பதிவுல பச்சைக் குட்டை பத்தி எழுதறேங்க. கேள்வி இருந்தா கேட்டு வைங்க.